மோட்டார் வைத்த சைக்கிளுக்கு எந்த டயர்?

சைக்கிளில் மோட்டார் பொருத்த வருபவர்கள் எல்லா ஊரிலும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். எத்தனை வாட்? ஒரு சார்ஜுக்கு எவ்வளவு தூரம் போகும்? மேம்பாலம் ஏறுமா? டயரைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. சைக்கிளோடு வந்த டயரே இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் அந்த டயர் மறுநாள் முதல் இரண்டு மடங்கு வேகத்தில் உருள வேண்டும். மோட்டாரையும் பேட்டரியையும் கூடுதலாகச் சுமக்க வேண்டும். மோட்டார் ஏறிய சைக்கிளுக்கு முதலில் மாற்ற வேண்டியது டயரைத்தான் என்பது என் உறுதியான கருத்து. எவ்வளவு அகலத்துக்குப் போகலாம் என்பதைப் பிரேமும் ரிம்மும் முடிவு செய்யும். அந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு கடைக்குப் போனால் பணமும் மிஞ்சும், பல்லும் மிஞ்சும்.

மிதித்து ஓட்டும்போது நம் சாலைகளில் மணிக்கு 12, 13 கிலோமீட்டர் போவோம். மோட்டார் வந்ததும் அது 25 ஆகிறது. வேகம் இரட்டித்தால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும். ஆளும் வண்டியும் சேர்ந்து 100 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 12.5 கி.மீ. வேகத்தில் அந்த ஆற்றல் சுமார் 600 ஜூல், 25 கி.மீ.யில் சுமார் 2,400 ஜூல். குழியின் விளிம்பு சக்கரத்தை மேலே எற்றும் வேகமும் வண்டியின் வேகத்தோடு சேர்ந்தே கூடுவதால், ரிம் வாங்கும் அடியும் ஏறக்குறைய இதே கணக்கில் வளர்கிறது.

இதில் இன்னொன்றும் சேர்கிறது. மிதிப்பவர் குழியைக் கண்டதும் தன்னையறியாமல் பெடலில் எழும்பி நிற்பார். முழங்காலும் இடுப்பும் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். மோட்டார் இழுக்கும்போதோ கால்கள் சும்மா இருக்கின்றன. நிம்மதியாக உட்கார்ந்தே போகிறோம். உடம்பின் எடை முழுக்க சீட் வழியாகப் பின்சக்கரத்தில் இறங்குகிறது. அந்தச் சக்கரத்தின் ஹப்பிலேயே மோட்டாரும் இருந்தால் சிக்கல் கூடுகிறது. உள்ளே பல்சக்கரம் வைத்த சிறிய ஹப் மோட்டார் இரண்டு, மூன்று கிலோ இருக்கும்; பல்சக்கரம் இல்லாமல் நேரடியாகச் சுற்றும் வகை நான்கைந்து கிலோ வரை போகும். பைக்கில் இந்த அடியை ஷாக் அப்சார்பர் தாங்கும். சாதாரண சைக்கிளில் தரைக்கும் அந்த இரும்புக் குண்டுக்கும் நடுவே இருக்கும் ஒரே ஸ்பிரிங், டயருக்குள் அடைத்த காற்று. அது போதாமல் போனால் ரிம் தரையில் இடிக்கும். நடுவில் அகப்பட்ட ட்யூபில் அருகருகே இரண்டு வெட்டு விழும். ஆணியும் முள்ளும் குத்தாமலே அடிக்கடி பஞ்சராகிறது என்பவர்களின் ட்யூபைக் கழற்றிப் பார்த்தால் பெரும்பாலும் இந்த இரட்டை வெட்டுதான் தெரியும். அதற்கு அடுத்த கட்டம் ஸ்போக்ஸ் உடைவதும் ரிம் கோணிப் போவதும்.

சைக்கிளில் இன்ஜின் மாட்டியவர்கள் இதை எண்பது ஆண்டுகளுக்கு முன்பே சந்தித்திருக்கிறார்கள். சிகாகோவின் ஷ்வின் நிறுவனம் 1933இல் 2.125 அங்குல அகலமுள்ள பலூன் டயர் போட்ட சைக்கிளைக் கொண்டுவந்தது. அதன் நோக்கம் இன்ஜின் அல்ல. சிறுவர்கள் எவ்வளவு முரட்டுத்தனமாக ஓட்டினாலும் தாங்கும் சைக்கிளை விற்பதுதான். ஆறு ஆண்டுகள் கழித்து லாஸ் ஏஞ்சலீஸில், விமான உதிரிபாகம் செய்துகொண்டிருந்த ஒரு நிறுவனம் விஸ்ஸர் என்ற பெயரில் 138 சி.சி. இன்ஜின் கிட் ஒன்றை விற்கத் தொடங்கியது. அதைத் தாங்கும் சைக்கிள் எது என்று தேடியவர்களுக்கு அகல டயர் போட்ட இந்தக் கனத்த சைக்கிள்களே கைகொடுத்தன. ஆரம்பகால விஸ்ஸரில் ஓர் உருளை பின்டயரின் மேல் உரசி அதைச் சுழற்றியது. அதில் டயர் தேயும், மழையில் வழுக்கும். பிறகு பெல்ட்டுக்கு மாறினார்கள். உலகப்போர் முடிந்தபின் ஷ்வின் விஸ்ஸருக்காகவே ஒரு பிரேம் செய்தது. அகல டயரும் பெல்ட்டும் ஒரே இடத்தில் நெருக்கியடித்ததால், பின்சக்கரத்தின் இடப்பக்கக் கீழ்க்குழாயை வளைத்துப் பெல்ட்டுக்கு வழிவிட வேண்டியிருந்தது. அகல டயர் போட நினைக்கும் எவரும் இன்றைக்கும் முட்டிக்கொள்ளும் இடம் அதுதான். அதைப் பிறகு பார்ப்போம்.

தொடக்கத்திலிருந்தே இன்ஜினை மனதில் வைத்து வண்டி வடிவமைத்தவர்கள் சைக்கிள் டயரை நம்பவில்லை. ஓசூரில் 1980இல் டிவிஎஸ் 50 மூலம் தொடங்கிய மொபெட் வரிசையில், இன்று மூட்டை மூட்டையாகக் காய்கறி சுமக்கும் எக்ஸ்எல் 100 வண்டியைப் பாருங்கள். அதன் டயர் 2.50-16; அதாவது இரண்டரை அங்குல அகலம். நம் சைக்கிள்களில் பரவலாக இருப்பது ஒன்றரை அங்குலம்.

இனி எல்லோரும் சொல்லும் ஆட்சேபத்துக்கு வரலாம். அகலமான டயர் தரையில் அதிகமாக ஒட்டும், இழுவை கூடும், பேட்டரியைக் குடித்துவிடும் என்கிறார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இயற்பியல் வேறு விதமாகச் சொல்கிறது.

டயர் தரையைத் தொடும் பரப்பை ஏறக்குறைய இரண்டே விஷயங்கள் தீர்மானிக்கின்றன: அதன் மேல் இறங்கும் எடை, உள்ளே இருக்கும் காற்றழுத்தம். நம் 100 கிலோவில் 63 கிலோ பின்சக்கரத்தில் இறங்குவதாகக் கொள்வோம். டயரில் 60 பி.எஸ்.ஐ. காற்று என்றால் அது சதுர சென்டிமீட்டருக்கு 4.2 கிலோ அழுத்தம். வகுத்தால் 15 சதுர சென்டிமீட்டர் வருகிறது. இந்தக் கணக்கில் டயரின் அகலம் எங்குமே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். 38 மில்லிமீட்டர் டயரானாலும் 54 மில்லிமீட்டர் டயரானாலும், அதே எடையில் அதே காற்றில் தொடும் பரப்பு கிட்டத்தட்ட ஒன்றே. மாறுவது அதன் வடிவம். ஒடுங்கிய டயரின் தடம் நீளமாகவும் குறுகியும் இருக்கும். அகன்ற டயரின் தடம் நீளம் குறைந்து பக்கவாட்டில் விரியும்.

அந்த நீளம்தான் இழுவையைக் கூட்டுகிறது. உருளும் டயர் தரையைத் தொடும் இடத்தில் தட்டையாகி, மறுபடி வளைந்து எழ வேண்டும். ரப்பர் வளையும்போது வாங்கிக்கொண்ட ஆற்றலை முழுவதும் திருப்பித் தராது. ஒரு பகுதி வெப்பமாகப் போய்விடும். கம்பியை இப்படியும் அப்படியும் மடக்கினால் மடங்கும் இடம் சூடாவது போல. தடம் நீளமாக இருக்க இருக்க டயரின் பக்கச் சுவர் அதிகமாக மடங்குகிறது, இழப்பு கூடுகிறது. ஆகவே காற்றழுத்தமும் ரப்பரும் ஒரே மாதிரி இருந்தால், அகல டயர்தான் எளிதாக உருளும்.

ஆனால் அகல டயரில் அதே அளவு காற்றை அடைக்கக் கூடாது. டயரின் துணிச்சுவரில் ஏற்படும் இழுவிசை, அழுத்தத்தையும் டயர்க் குழாயின் ஆரத்தையும் பெருக்கினால் கிடைப்பது. டயர் பெருத்தால் அதே காற்றில் சுவரின் மேல் பாரம் கூடும். 38 மி.மீ. டயரில் 60 பி.எஸ்.ஐ. உண்டாக்கும் இழுவிசையை 54 மி.மீ. டயர் 42 பி.எஸ்.ஐ.யிலேயே எட்டிவிடும். அகல டயரின் பக்கவாட்டில் குறைந்த அழுத்தம் அச்சிடப்பட்டிருப்பதற்கு இதுவே காரணம். 42இல் தொடும் பரப்பு 21 சதுர சென்டிமீட்டர் ஆகிறது. இந்த நிலையில் வழவழப்பான தளத்தில் இரண்டு டயர்களுக்கும் உருள்தடை ஏறக்குறைய சமம்.

நம் சாலை வழவழப்பான தளம் இல்லையே. ஒட்டுப்போட்ட தாரிலும், குழாய் பதிக்கத் தோண்டி மூடிய பள்ளத்திலும், பேவர் கற்களிலும் போகும்போது கடினமான டயர் ஒவ்வொரு மேட்டுக்கும் வண்டியையும் ஆளையும் சேர்த்துத் தூக்கிப் போடுகிறது. அந்தக் குலுக்கலில் நம் தசைகள் விழுங்கும் ஆற்றல் மோட்டார் கொடுத்ததுதான். வேறு எங்கிருந்தும் வரவில்லை. அகல டயர் அந்த மேட்டைத் தனக்குள் வாங்கிக்கொண்டு மேலே உள்ளவற்றை அதிகம் அசைக்காமல் கடக்கிறது. அகலம் 38இலிருந்து 54 ஆகும்போது உள்ளே இருக்கும் காற்றின் கனஅளவு ஏறக்குறைய இரண்டு மடங்காவதே இதன் ரகசியம்.

அப்படியானால் அகல டயர் போட்டபின் ‘ரேஞ்ச் குறைந்துவிட்டது’ என்று சொல்பவர்கள் எல்லாம் பொய்யா சொல்கிறார்கள்? இல்லை. கடையில் அகல டயர் என்று கேட்டால் பெரும்பாலும் எடுத்துத் தருவது மலைப்பாதைக்கான, தடித்த ரப்பரில் கட்டை கட்டையாகப் பல் வைத்த டயர். தார்ச்சாலையில் அந்தப் பற்கள் ஒவ்வொன்றும் நசுங்கி நிமிர்ந்தே நகர வேண்டும். அதோடு, குறைந்த காற்று போதும் என்று கேள்விப்பட்டு இருபதிலும் இருபத்தைந்திலும் ஓட்டுகிறார்கள். பழி அகலத்தின் மேல் விழுகிறது. குற்றவாளி பல்லும் காற்றுக் குறைவும்.

வித்தியாசம் எவ்வளவு வரும் என்று எண்ணிலேயே பார்க்கலாம். நல்ல வழவழ டயரின் உருள்தடைக் கெழு 0.005 அளவில் இருக்கும். தடித்த பல் டயருக்கு அது 0.010 வரை போகும். 100 கிலோ எடையை 25 கி.மீ. வேகத்தில் உருட்ட முதலாவதற்கு 34 வாட் போதும், இரண்டாவதற்கு 68 வாட் வேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்து போகிறவருக்கு எதிர்க்காற்றைப் பிளக்க அதே வேகத்தில் சுமார் 120 வாட் செலவாகும். கூட்டினால் 154, 188. ஒரு சார்ஜில் 40 கிலோமீட்டர் போகும் வண்டி 33இல் நின்றுவிடும். பேட்டரிக்குப் பணம் கொட்டுவதற்கு முன் பல்லில்லாத டயரை வாங்குவது எவ்வளவு லாபம் என்று யோசியுங்கள்.

பல் இல்லாவிட்டால் மழையில் வழுக்காதா? இந்தப் பயம் காரிலிருந்து வந்தது. காரின் அகன்ற தட்டையான டயர் வேகமாகப் போகும்போது தண்ணீர்ப் படலத்தின் மேல் மிதக்கும். அதை வெளியேற்றத்தான் பள்ளங்கள். டயர் எந்த வேகத்தில் மிதக்கத் தொடங்கும் என்பதற்கு நாசா 1960களில் விமான டயர்களை வைத்து ஒரு சூத்திரம் தந்தது. அந்த வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 42 பி.எஸ்.ஐ.க்கு அது மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டுகிறது. சைக்கிள் டயர் வளைந்த முதுகுடையது, தண்ணீரை இன்னும் எளிதாகப் பிளக்கும். ஈரத் தாரில் பிடிமானம் தருவது ரப்பரின் தரமும் அது தளத்தின் நுண்ணிய சொரசொரப்பில் படிவதும். சேற்றிலும் மண்பாதையிலும் தினமும் போகிறவருக்குத்தான் பல் தேவை.

இப்போது சைக்கிளின் பக்கத்தில் உட்கார்ந்து அளக்க வேண்டிய வேலை. டயரின் பக்கவாட்டில் 26 அங்குலம், 28 அங்குலம் என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பிக் கடைக்குப் போகாதீர்கள். சைக்கிள் டயரில் அந்த எண் தோராயமான வெளிவிட்டம். அதே 26 அங்குலத்தில், பின்னமாக 26 × 1 3/8 என்று எழுதிய டயரின் ரிம் இருக்கை, அதாவது டயர் ரிம்மில் உட்காரும் வட்டம், 590 மில்லிமீட்டர். தசமமாக 26 × 1.75 என்று எழுதியதற்கு 559 மில்லிமீட்டர். 31 மில்லிமீட்டர் வித்தியாசம்! ஒன்றில் மற்றொன்றை மாட்டவே முடியாது. நம்பத் தகுந்தது 54-559 என்பது போன்ற ஐ.எஸ்.ஓ. குறியீடுதான், முதல் எண் அகலம், இரண்டாவது ரிம் இருக்கையின் விட்டம். இரண்டாவது எண் மாறக் கூடாது. முதல் எண்ணில்தான் நமக்குச் சுதந்திரம். மொபெட் டயரில் கணக்கே வேறு: 2.50-16 என்பதில் உள்ள 16, ரிம் இருக்கையின் விட்டம். அது 405 மில்லிமீட்டர். 16 அங்குலச் சிறுவர் சைக்கிளின் ரிம்மோ 305 மில்லிமீட்டர்தான்.

559 அளவு ரிம் உள்ளவர்கள் அதிர்ஷ்டசாலிகள். 1970களில் கலிஃபோர்னியாவின் மரின் மாவட்டத்து இளைஞர்கள் பழைய ஷ்வின் பலூன் டயர் சைக்கிள்களை மலைச்சரிவில் ஓட்டப்போய், அதிலிருந்து மவுண்டன் பைக் பிறந்தது. ரிம் அளவும் அப்படியே தொடர்ந்தது. அதனால் இந்த அளவில் ஒல்லியிலிருந்து குண்டுவரை எல்லா அகலத்திலும் டயர் கிடைக்கும். நம் ஊரின் பெரிய கறுப்புச் சைக்கிளுக்கு, அதாவது 28 × 1 1/2 அளவுக்கு, ரிம் இருக்கை 635 மில்லிமீட்டர். இதில் 40 மில்லிமீட்டரைத் தாண்டிய டயர் கடைகளில் அநேகமாக இல்லை. ஹப் மோட்டாரை எப்படியும் புது ரிம்மில் ஸ்போக்ஸ் கட்டித்தான் போட வேண்டும் என்பதால், அப்போதே 559 ரிம்மைக் கேட்கத் தோன்றும். அதற்கு ஒரு விலை உண்டு. சக்கரம் சிறுத்து, பெடல் அச்சு இரண்டு சென்டிமீட்டருக்கும் மேல் தாழலாம். திருப்பத்தில் பெடல் தரையில் தட்டும். ராடு பிரேக்கின் கட்டைகளும் புது ரிம்மை எட்டாது. பெரிய கறுப்புச் சைக்கிள் வைத்திருப்பவருக்கு 40 மில்லிமீட்டரில் நல்ல டயர் வாங்கிக் காற்றைக் கவனமாகப் பார்ப்பதே மேல் என்பேன்.

ரிம்மின் உள் அகலமும் முக்கியம். 19 மி.மீ. உள் அகல ரிம்மில் 54 மி.மீ. டயர் உட்காரும். ஆனால் அடி ஒடுங்கி மேலே உப்பிய வடிவில் நிற்பதால், காற்று குறைந்தால் திருப்பத்தில் பக்கவாட்டில் நெளியும். 25 மி.மீ. ரிம்மில் அதே டயர் திடமாக நிற்கும்.

அடுத்தது இடைவெளி. பின்சக்கரத்தின் இருபுறமும் ஓடும் குழாய்கள், முன் ஃபோர்க்கின் இரு கால்கள், மேலே மட்கார்டு ஆகிய ஒவ்வோர் இடத்திலும் டயருக்கும் இரும்புக்கும் நடுவே குறைந்தது 6 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். சக்கரம் சுற்றும்போது லேசாகக் கோணல் இருக்கும்; மிதிக்கும்போது பிரேமும் கொஞ்சம் நெளியும்; புது டயர் சில நாட்களில் ஓரிரு மில்லிமீட்டர் விரியும். உரசத் தொடங்கினால் டயரின் பக்கச்சுவர் விரைவில் அறுந்துவிடும். முன் மட்கார்டு இன்னும் ஆபத்தானது. டயருக்கும் அதற்கும் நடுவில் ஒரு குச்சியோ கல்லோ சிக்கினால் தகரம் உள்ளே சுருண்டு சக்கரத்தை அந்த நொடியே பூட்டும். 25 கிலோமீட்டர் வேகத்தில் அப்படி நின்றால் ஆள் ஹேண்டில்பாருக்கு மேலாகப் போய் விழுவார். அகல டயருக்கு இடமில்லையென்றால் மட்கார்டை மாற்றுங்கள். அதை நெருக்கி வளைத்து ஒப்பேற்றாதீர்கள்.

அமெரிக்காவில் பெட்ரோல் கிட் மாட்டுபவர்களுக்கு இன்னொரு தலைவலி. அந்த இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜினின் செயின் இடப்பக்கம் ஓடுகிறது. பல்சக்கரத்தைப் பின்சக்கர ஸ்போக்ஸிலேயே இறுக்குகிறார்கள். இரண்டு அங்குலத்தைத் தாண்டினால் பல வண்டிகளில் டயரின் விலா செயினில் உரசும். பல்சக்கரத்தை வெளியே தள்ளினால் செயின் பிரேமில் இடிக்கும். ஷ்வின் குழாயை வளைத்த அதே பிரச்சினை. நம் நாட்டில் 25 சி.சி.க்கு மேல் இன்ஜின் வைத்தால் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் பார்வையில் அது மோட்டார் வாகனம். பதிவில்லாமல் சாலையில் ஓட்ட முடியாது. அந்தக் கிட்டுகள் எல்லாம் அதற்கு மேலே என்பதால், இங்கே நடைமுறை வழி மின்மோட்டார்தான். ஹப் மோட்டாரில் இடப்பக்கச் செயினே இல்லை. இடைவெளிச் சிக்கலில் பாதி தீர்ந்தது. வலப்பக்கம் கியர் வைத்த சைக்கிளில் மட்டும், செயின் உள் பல்லுக்குப் போகும்போது டயரைத் தொடுகிறதா என்று பாருங்கள்.

பிரேக்கையும் ஒரு பார்வை பார்க்க வேண்டும். ரிம்மை மேலிருந்து கவ்வும் பிரேக்கின் வளைவு அகல டயருக்கு இடம் தராது. பக்கத்திலிருந்து பிடிக்கும் வி-பிரேக் தரும். டிஸ்க் பிரேக்குக்கு இந்தக் கவலையே இல்லை.

டயர் அகலமானால் உயரமும் கூடும். 559 ரிம்மில் 38 மி.மீ. டயரின் வெளிவிட்டம் 635 மி.மீ.; 54 மி.மீ. டயருக்கு 667. சுற்றளவு 5 சதவீதம் பெருகுகிறது. மோட்டார் அதே சுற்றில் சுற்றினாலும் வண்டி 5 சதவீதம் வேகமாகப் போகும். ஏற்றத்தில் தள்ளும் விசை அதே அளவு குறையும். சுற்றை எண்ணும் ஸ்பீடோமீட்டர் 25 என்று காட்டும்போது உண்மையில் 26.25 போய்க்கொண்டிருப்பீர்கள். பதிவு தேவையில்லாத மின்சைக்கிளுக்கு இந்திய விதிகள் வைத்த வரம்பு 0.25 கிலோவாட், மணிக்கு 25 கிலோமீட்டர் என்பதால் இதை அலட்சியம் செய்ய வேண்டாம். கண்ட்ரோலரின் டிஸ்பிளேயில் சக்கர அளவை மாற்றும் வசதி இருந்தால் டயர் மாற்றிய அன்றே அதையும் திருத்திவிடுங்கள்.

டயர் மாறியபின் மறக்கக் கூடாதது காற்று. சரியான அழுத்தத்தைக் கண்டுபிடிக்க அமெரிக்க சைக்கிள் எழுத்தாளர் ஃபிராங்க் பெர்டோ சொன்ன அளவுகோல் எளிமையானது: ஆள் ஏறி உட்கார்ந்ததும் டயரின் உயரம் 15 சதவீதம் அமுங்க வேண்டும். 54 மி.மீ. டயருக்கு அது 8 மி.மீ. அதைவிட அதிகம் அமுங்கினால் ரிம்முக்கு ஆபத்து. அமுங்கவே இல்லையென்றால் அகல டயருக்குக் கொடுத்த காசு வீண். பின்சக்கரத்தில் பாரம் அதிகம் என்பதால் முன்டயரைவிடப் பின்டயருக்குக் கூடுதலாக அடிக்க வேண்டும். நம் பழைய சைக்கிள்களின் ரப்பர் வால்வில் அழுத்தமானியை வைத்து அளக்க முடியாது. கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பதோடு சரி. பைக்கில் இருப்பது போன்ற வால்வுள்ள ட்யூபைப் போட்டுவிட்டால் அளந்தே காற்றடிக்கலாம். பெட்ரோல் பங்க் கம்ப்ரசரில் மட்டும் கவனம் வேண்டும். சைக்கிள் ட்யூப் சிறியது, கண் இமைப்பதற்குள் வரம்பு மீறிவிடும்.

மோட்டார் கிட் வாங்கத் திட்டமிட்டிருப்பவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். கிட்டுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன், உங்கள் டயரின் பக்கவாட்டைத் துடைத்து அந்த ஐ.எஸ்.ஓ. எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஃபோர்க்கிலும் பின்குழாய்களிலும் டயருக்கு இருபுறமும் எத்தனை மில்லிமீட்டர் இடம் இருக்கிறது என்று அளவுகோலை வைத்து அளந்து அதையும் எழுதுங்கள். பக்கத்துக்கு 6 மில்லிமீட்டர் மிச்சம் விட்டு, அதற்குள் பொருந்தும் மிக அகலமான, பல்லில்லாத, நல்ல ரப்பர் டயர் இரண்டும் அவற்றுக்கேற்ற ட்யூபும் வாங்கும் தொகையை முதலில் ஒதுக்குங்கள். மீதிப் பணத்துக்கு எத்தனை வாட் வருகிறதோ, அந்த மோட்டாரை வாங்குங்கள்.